நகரா விசையின் நெடும்பயணம்

கூத்தாநல்லூருக்குச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. திருவாரூரிலிருந்து மன்னார்குடி போகிற சாலையில் இருபுறமும் வயலாகவே வந்துகொண்டிருக்கும். திடீரென்று மாடிவீடுகள் எழும்பி நிற்கும். அந்த மாடிகளுக்கான பணம் வயலில் விளைந்ததைவிடக் கடலுக்கு அப்பால் விளைந்தது அதிகம். ‘ரஜூலா’ கப்பலும் பிறகு ‘சிதம்பரம்’ கப்பலும் நாகப்பட்டினத்தில் நின்று ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்தில், கடல் கடந்து பிழைக்கப்போகும் சபராளி இல்லாத வீடு இங்கே குறைவு. அவர்கள் திரும்பும்போது கைலியும் கோடாலித் தைலமும் டேப்ரிக்கார்டரும் கூடவே வந்தன. யார் பெட்டியிலும் கட்டாமல் அதே சிங்கப்பூரிலிருந்து இன்னொன்றும் புறப்பட்டது. தாலுகா ஆபீஸ் வாசலிலும் டிடிபி கடையிலும் ஜமாஅத் அலுவலகத்திலும் அது இன்றைக்கும் வேலை பார்க்கிறது. இரும்பு உடம்பு போய்விட்டது. பழக்கங்கள் மட்டும் நம் விரல்களில் தங்கிவிட்டன. தமிழ்த் தட்டச்சைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ரா. முத்தையா, பிழைப்புக்காகக் கப்பலேறி சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தரானவர். நாள் முழுக்க இங்கிலீஷ் டைப்ரைட்டரோடு இருந்த மனிதருக்கு, இதில் தமிழ் ஏறாதா என்ற கேள்வி எழுந்தது. லேசில் ஏறாது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இயந்திரத்தில் இருப்பதோ 46 விசைகள். ஷிப்டையும் சேர்த்தால் 92 உருவம் பொறிக்கலாம். முத்தையா எழுத்துகளை உடைத்தார். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி, விசிறி தனி. கொம்பும் காலும் எழுத்துக்கு முன்னும் பின்னும் தனித்தனி இடம் பிடிப்பதால் அவற்றில் சிக்கல் இல்லை. புள்ளியும் விசிறியும் எழுத்தின் தலைமேல் உட்கார வேண்டியவை. அதற்குத்தான் நகரா விசை. அதை அடித்தால் குறி தாளில் விழும், வண்டி நகராது. அடுத்து அடிக்கிற எழுத்து அதே இடத்தில் குறிக்குக் கீழே வந்து விழும். ‘ம்’ வேண்டுமா, முதலில் புள்ளி, பிறகு ம. உகரம் மட்டும் உடைபடவில்லை. கு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுழிவதால் அவற்றுக்குத் தனி உருவம் கொடுக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்டு நௌமான் தொழிற்சாலை அவருக்கு இந்தத் தமிழ் இயந்திரத்தைச் செய்துகொடுத்தது. கையில் தூக்கிப் போகிற அந்தச் சிறிய இயந்திரத்துக்கு ‘பிஜோ’ என்று பெயர்.

இந்த அமைப்புக்குள் ஒரு தீர்மானம் இருக்கிறது. வாய் சொல்கிற வரிசை வேறு, கண் பார்க்கிற வரிசை வேறு என்று வரும்போது, இயந்திரம் கண்ணின் பக்கம் நின்றது. ‘கொ’ என்பதில் வாய்க்கு முதலில் வருவது க். டைப்ரைட்டருக்கு முதலில் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். தாளில் மை படுவதோடு வேலை முடிந்துவிடுகிற உலகத்தில் இது சரியான தீர்மானம். தாளை யாரும் சொல் தேடச் சொல்லி ஏவுவதில்லை, அகரவரிசைப்படி அடுக்கச் சொல்வதுமில்லை.

ரெமிங்டன், ஹால்டா, கோத்ரேஜ் என்று பெயர் பொறித்த கனமான இயந்திரங்களாக அது டெல்டாவுக்கு வந்தபோது, ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் முளைத்தது. பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் காலை ஆறு மணிக்கே போய் ‘யளனக’ அடித்தார்கள். லோயர், ஹையர் என்று இரண்டு படி. தேர்வு நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். அரசாங்க வேலைக்கு அது ஒரு நுழைவுச்சீட்டு என்பதால் மூன்று தலைமுறை விரல்கள் அந்தப் பலகையில் பழகின. விரல் பழகியது எழுத்து இருக்கிற இடத்தை மட்டுமல்ல. வரி முடியப்போகிறது என்று மணி அடிக்கும். உடனே இடது கை நெம்புகோலைத் தள்ளி வண்டியைத் திருப்ப வேண்டும். தலைப்பை நடுவில் நிறுத்த, நடுப்புள்ளிக்குப் போய், எழுத்துகளை எண்ணி, இரண்டு எழுத்துக்கு ஒரு பேக்ஸ்பேஸ் வீதம் பின்னால் வர வேண்டும். அழுத்தம் கொடுக்க அடிக்கோடு ஒன்றே வழி, ஏனென்றால் தடித்த எழுத்து கிடையாது. அனுப்புநர் இடப்பக்கம், பெறுநர் வலப்பக்கம் என்றால் நடுவில் ஸ்பேஸ் பாரை டடடடவென்று தட்ட வேண்டும். எல்லாம் இயந்திரம் கற்றுக்கொடுத்த ஒழுங்கு. அந்த ஒழுங்கில் தேறியவர்கள்தான் பிறகு கணினி முன்னால் உட்கார்ந்தார்கள்.

அதற்குள் வெளியே நிறைய நடந்துவிட்டது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னிய ஆய்வுக்கூடத்தில் 1974 வாக்கில் ‘பிராவோ’ என்றொரு நிரல், திரையில் தெரிவதையே தாளில் தரக் கற்றுக்கொண்டது. அதைச் செய்தவர்களில் ஒருவரான சார்லஸ் சிமோனி மைக்ரோசாப்ட்டுக்குப் போக, 1983இல் ‘வேர்ட்’ வந்தது. அதில் முதல் பதிப்பிலேயே ‘ஸ்டைல்’ இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக அது அங்கேயே இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அதைத் தொடாமல் சுற்றிப் போகிறோம். காரணம் எளிது. வேர்டை நாம் நன்றாக அடிக்கிற டைப்ரைட்டர் என்றே நினைத்துக்கொண்டோம்.

வேர்டில் வருகிற தலைவலிகளில் பாதிக்குமேல் அந்தப் பழைய இயந்திரத்தின் ஏதாவதொரு உறுப்பைத் தேடிக் கண்டுபிடித்தால் தீர்ந்துவிடும் என்பது என் கட்சி.

மணியை எடுத்துக்கொள்வோம். மணி அடிக்காத கணினியிலும் வரி முடிகிற இடத்தில் என்டர் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடிக்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். நாளைக்கு எழுத்தின் அளவை 12இலிருந்து 14 ஆக்கினால் ஒவ்வொரு வரியும் ஒன்றரை வரியாக முறிந்து தொங்கும். இதைக் கண்டுபிடிக்க ¶ குறியை ஒருமுறை அழுத்துங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், 8 சேர்த்து அழுத்தினாலும் தெரியும். என்டர் தட்டிய இடத்திலெல்லாம் ¶ நிற்கும். பத்தி முடிவில் மட்டும் நின்றால் நல்ல கோப்பு. வரிக்கு வரி நின்றால் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்க வேண்டாம்; கண்ட்ரோல் எச் போதும். தேடும் பெட்டியில் ^ குறியும் ஆங்கிலச் சின்ன பி எழுத்தும் சேர்த்து இட்டால் அதுதான் என்டர். பத்திகளுக்கு நடுவே இரண்டு என்டர் இருக்கும், வரி முடிவில் ஒன்றுதான் இருக்கும். அதனால் முதலில் இரட்டை என்டரை, கோப்பில் வேறெங்கும் வராத @@ போன்ற ஒரு குறியாக மாற்றுங்கள். அடுத்து மிச்சமுள்ள ஒற்றை என்டரையெல்லாம் ஒரு ஸ்பேஸாக மாற்றுங்கள். கடைசியில் @@ஐ மறுபடி ஒற்றை என்டராக்குங்கள். மூன்று முறை ‘எல்லாவற்றையும் மாற்று’. நூறு பக்க மலரும் ஐந்து நிமிஷத்தில் நேராகும். வரிசை மாறினால் மட்டும் பத்தியெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அப்போது பதறாமல் கண்ட்ரோல் இசட்.

ஸ்பேஸ் பாரின் கதையும் இதுதான். ஹால்டாவில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். பத்து தட்டினால் பத்து இடம், அடுத்த வரியிலும் அதே இடம். கணினி எழுத்துருவில் ணகரம் ஓர் அகலம், ரகரம் வேறு அகலம். அதனால் ஸ்பேஸ் தட்டி நேராக்கிய பெறுநர் முகவரி திரையில் நேராகவும் அச்சில் கோணலாகவும் வரும். மனுவில் அனுப்புநரும் பெறுநரும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டுமென்றால் இரண்டு கட்டமுள்ள ஓர் அட்டவணை போட்டு, கோடுகளை மறைத்துவிடலாம். ‘பொருள்’, ‘பார்வை’ இரண்டையும் அதே மாதிரி இன்னொரு அட்டவணையில் வைத்தால், பொருள் மூன்று வரி ஓடினாலும் முதல் வரிக்குக் கீழேயே ஒழுங்காக இறங்கும். புதுப் பக்கம் போக என்டரைப் பதினேழு தடவை தட்டாமல் கண்ட்ரோலும் என்டரும் ஒருமுறை. ‘ரூ.’ ஒரு வரியிலும் ‘5,000’ அடுத்த வரியிலும் பிரிந்து நிற்காமலிருக்க, நடுவில் கண்ட்ரோல், ஷிப்ட், ஸ்பேஸ். இனிஷியலும் பெயரும் பிரியாமலிருக்கவும் அதுவே.

ஸ்டைல் என்பது பேக்ஸ்பேஸ் எண்ணித் தலைப்பை நடுவில் நிறுத்திய உழைப்புக்கு வந்த ஓய்வு. பள்ளிக்கூடத்தின் பொன்விழா மலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துரை, கட்டுரை, கவிதை என்று அறுபது தலைப்பு. ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, பெரிதாக்கி, தடிப்பாக்கி, நடுவில் நிறுத்தினால் அறுபது வேலை. கமிட்டித் தலைவர் ‘இன்னும் கொஞ்சம் சின்னதா இருந்தா நல்லாருக்கும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்னொரு அறுபது. எல்லாவற்றுக்கும் ‘ஹெடிங் 1’ என்று போட்டிருந்தால் அந்த ஒன்றைத் திருத்தினால் அறுபதும் திருந்தும். பொருளடக்கமும் தானாக வரும், பக்க எண்ணோடு. பொருளடக்கத்தைக் கையால் அடித்து, புள்ளி புள்ளியாக வைத்து, பக்க எண் மாறியதும் மறுபடி அடிக்கிற சடங்கு தமிழ்நாட்டு மலர்களில் எத்தனை இரவுகளைத் தின்றிருக்கிறதோ.

இதெல்லாம் எந்த மொழிக்காரருக்கும் உள்ள பாடு. தமிழுக்கென்று தனியாக ஒரு பாடு உண்டு. அதற்கு மறுபடி பயணத்துக்கே திரும்ப வேண்டும்.

தொண்ணூறுகளில் டிடிபி வந்தது. பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் பக்கம் கட்டினார்கள். கணினிக்குத் தமிழ் தெரியாது; ஆகவே ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டுவிட்டார்கள். பாமினி, வானவில், இன்னும் எத்தனையோ எழுத்துருக்கள் அப்படி உண்டாயின. பாமினியின் பலகை டைப்ரைட்டர்ப் பலகையின் வழியிலேயே இருந்ததால் ‘யளனக’ விரல்கள் சிரமமில்லாமல் அதில் குடியேறின. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்று அந்த ஐந்தும் பல்லைக் காட்டும். சிங்கப்பூரிலிருக்கும் மச்சானுக்கு அனுப்பிய நிக்காஹ் அழைப்பு அங்கே குப்பையாகத் திறந்தது என்று யாராவது சொன்னால், பழி மச்சானுடைய கணினி மேலில்லை.

பாமினியை வைய எனக்கு மனசு வராது. கணினி தமிழ் பேசாத காலத்தில் அச்சுத் தொழிலை நிறுத்திப் பிடித்தது அதுவும் அதன் கூட்டாளிகளும்தான். ஆனால் அது டைப்ரைட்டரின் தீர்மானத்தை அப்படியே கணினிக்குள் கொண்டுவந்துவிட்டது. தாளில் தெரிவதுதான் எழுத்து, உள்ளே என்ன இருந்தால் என்ன என்பது அந்தத் தீர்மானம். அதன் விளைவைப் பார்க்க ஒரு பெயர்ப் பட்டியலை பாமினியில் அடித்து வேர்டிடம் வரிசைப்படுத்தச் சொன்னால் போதும். யூசுப் முதலில் நிற்பார், பிறகு காதர், பாத்திமா, தாஜுதீன். அதற்கெல்லாம் பிறகே அப்துல் வருவார். பாமினியில் யகரம் ஆங்கில ஏ விசையிலும் அகரம் எம் விசையிலும் உட்கார்ந்திருப்பதால், வேர்ட் தனக்குத் தெரிந்த ஆங்கில வரிசையை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது.

விடிவு இரண்டாவது முறையும் கடலுக்கு அப்பாலிருந்துதான் பெருமளவு வந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு என்ற தமிழ்ச் செயலியைச் செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனைச் செய்தார். 1997இல் தமிழ் இணையத்துக்கென்று முதல் மாநாடு அந்த ஊரில்தான் நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டின் முயற்சியில் வந்த விசைப்பலகைதான் தமிழ்99. ஒருங்குறி எனப்படும் யூனிகோடில் தமிழுக்கு 1991லிருந்தே இடம் உண்டு. விண்டோஸ் 2000 அதை ‘லதா’ எழுத்துருவோடு மேசைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு அதை முறைப்படி ஏற்றது 2010இல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி.

ஒருங்குறி வாயின் பக்கம் நின்றது. ‘கெ’ என்றால் உள்ளே முதலில் க, பிறகு கொம்பு. கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும் சரி. இந்த ஒரு திருப்பத்தால்தான் தமிழில் தேடுவதும் அடுக்குவதும் முடிந்தது. கண்ணை நம்பி அடிக்கிற பழக்கமோ கூடவே வந்துவிட்டது. ‘ஔவையார்’ என்பதில் முதல் எழுத்து ஒன்றே ஒன்று. அதை ‘ஒ’ போட்டு ‘ள’ போட்டு ‘ஒளவையார்’ என்று அடிப்பவர்கள் ஏராளம். ‘கௌரவம்’ ‘கெளரவம்’ ஆவதும் அப்படியே. அச்சில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, தேடினால் ஒன்றுக்கொன்று அகப்படாது. துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுந்து ‘காலம்’ ‘கரலம்’ ஆவதும் பழைய கோப்புகளில் சாதாரணம். பாமினிக் கோப்பை மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்கிய உடனே இந்த இரண்டையும் ஒருமுறை தேடித் திருத்திவிடுவது நல்லது. மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வர்ட்டர் அவற்றில் பேர்போனது. மாற்றும்போது கோப்பின் நடுவே இருக்கிற ஆங்கிலச் சொற்களும் தமிழ் உளறலாக மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். பாஸ்போர்ட் எண், ஈமெயில் முகவரி இருக்கிற பத்திகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை மாற்றலாம்.

தேடி மாற்றுவதில் இந்த ஊர்க்காரருக்குத் தனி அனுபவம் இருக்க வேண்டும். 1991 வரை கூத்தாநல்லூர் தஞ்சாவூர் மாவட்டம். பிறகு நாகை காயிதே மில்லத் மாவட்டம். 1997 ஜனவரி முதல் திருவாரூர் மாவட்டம். வீட்டை மாற்றாமல் ஆறே வருஷத்தில் மூன்று மாவட்டம். பழைய சங்க விதிமுறைக் கோப்பில் ‘தஞ்சாவூர்’ என்பதையெல்லாம் ‘திருவாரூர்’ ஆக்கு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் ராத்திரியோடு ராத்திரியாகத் திருவாரூருக்குக் குடிபெயர்ந்துவிடும். ‘எல்லாவற்றையும்’ என்ற பொத்தானை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி மாற்றுவதே உசிதம். தேடும் சொல்லையும் தமிழுக்கேற்ப வெட்ட வேண்டும். ‘மாவட்டம்’ என்று தேடினால் ‘மாவட்டத்தில்’ சிக்காது. ‘மாவட்ட’ என்று நிறுத்தினால் இரண்டும் சிக்கும். ‘கூத்தாநல்லூர்’ என்று முழுதாகத் தேடினால் ‘கூத்தாநல்லூரில்’, ‘கூத்தாநல்லூருக்கு’ இரண்டும் தப்பிவிடும். ‘கூத்தாநல்லூ’ என்று பாதியில் நிறுத்தினால் எல்லா வேற்றுமையும் வந்து நிற்கும். வெளியூர்க்காரர்கள் அடித்த கோப்பென்றால் ‘கூத்தனூர்’ என்றும் ஒருமுறை தேடிப்பாருங்கள். இதே மாவட்டத்தில் பூந்தோட்டத்துக்குப் பக்கத்திலிருக்கும் சரஸ்வதி கோயில் ஊர் அது. பெயர் மயக்கம் எளிதில் வரக்கூடியது. நீளமான ஊர்ப்பெயரைத் திரும்பத் திரும்ப அடிக்கிறவர்கள் ஆட்டோ கரெக்டில் ‘கூந’ என்று ஒரு சுருக்கம் சொல்லிவைத்தால், கூந அடித்து ஸ்பேஸ் தட்டியதும் முழுப்பெயரும் விரியும்.

நிக்காஹ் அழைப்பில் வேறொரு நுணுக்கம் இருக்கிறது. பிஸ்மில்லாஹ்வுக்குப் பதில் 786 என்று எண் போட்டு நிறுத்திக்கொள்பவர்களுக்குக் கவலையில்லை. மேலே அரபியில் பிஸ்மில்லாஹ் வேண்டும், கீழே தமிழ் வேண்டும் என்பவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருப்பார்கள்: தமிழின் எழுத்துருவை மாற்றினால் அரபியும் மாறுகிறது, அரபியைப் பெரிதாக்கினால் தமிழும் பெரிதாகிறது. கண்ட்ரோல் டி அழுத்தினால் வரும் எழுத்துருப் பெட்டியில் இரண்டு பகுதி உண்டு. மேலே உள்ளது ஆங்கிலம் போன்றவற்றுக்கு. கீழே ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று இருப்பது தமிழுக்கும் அரபிக்கும் சேர்த்து ஒரே இடம். இரண்டையும் வேர்ட் ஒரே அறையில் குடிவைத்திருக்கிறது. அரபி வரிக்கென்று தனியாக ஒரு ஸ்டைல் உண்டாக்கி, அதற்கு வேண்டிய எழுத்துருவையும் அளவையும் வலமிருந்து இடமாக ஓடும் திசையையும் அதிலேயே சொல்லிவிட்டால் சச்சரவு தீரும். எழுத்துருவை மாற்றியும் தமிழ் மாறவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களும் அந்தக் கீழ்ப்பகுதியைத்தான் பார்க்க வேண்டும். மேல்பகுதியில் என்ன தேர்ந்தெடுத்தாலும் தமிழுக்கு உறைக்காது. லதாவை மட்டும் அழைப்பிதழுக்கு வைக்காதீர்கள். அது படிக்க உதவும், கல்யாணத்துக்கு உதவாது.

சம்பா கதிர் வருகிற நேரத்தில் மழை அடித்துச் சாய்த்துவிட்டால், வெண்ணாற்றுப் பாசனக் கிராமங்களிலிருந்து நிவாரணம் கேட்டு மனுக்கள் போகும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு முன்தினம் டைப் அடிக்கிற கடைகளில் கூட்டம். உள்ளடக்கம் ஒன்றே; பெயர், தகப்பனார் பெயர், கிராமம், சர்வே எண், பரப்பு மட்டும் மாறும். வழக்கமாகச் செய்வது, ஒருவருடைய மனுவைத் திறந்து, பெயரை மாற்றி, ‘சேவ் ஆஸ்’ கொடுப்பது. நாற்பதாவது மனுவில் கையெழுத்துக்கு மேலே முப்பத்தொன்பதாவது ஆளின் பெயர் தங்கிவிடும். வருவாய்த் துறைக்குப் போகிற காகிதத்தில் அது சின்னப் பிழையல்ல. வேர்டின் ‘மெயில் மெர்ஜ்’ இதற்கென்றே இருக்கிறது. எக்செல்லில் ஆளுக்கு ஒரு வரியாகப் பட்டியல். வேர்டில் ஒரே ஒரு மனு, மாறுகிற இடங்களில் மட்டும் பட்டியலின் நெடுவரிசைப் பெயர்கள். முடித்ததும் நாற்பது மனுவும் தனித்தனிப் பக்கமாக வந்து நிற்கும். முதல்முறை அமைக்க அரைமணி பிடிக்கும். அடுத்த வருஷமும் மழை வரத்தான் போகிறது. அப்போது பட்டியலை மட்டும் மாற்றினால் போதும்.

விசைப்பலகையை மாற்றுவதா வேண்டாமா என்பது பெரிய விவாதம். தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரிந்திருக்கின்றன. பாதிப் புள்ளிகளை அது தானே வைத்துக்கொள்ளும். ஒரே எழுத்தை அடுத்தடுத்து அடித்தால் முதலாவது மெய்யாகிவிடும். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ. ங அடித்து க அடித்தால் ‘ங்க’. கூத்தாநல்லூர் என்ற முழுப்பெயருக்குப் பதினோரு தட்டு. புள்ளிக்கென்று தட்டுவது கடைசி ‘ர்’ ஒன்றுக்குத்தான். புதிதாகக் கற்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில் அது உள்ளேயே இருப்பதால் எதையும் தரவிறக்க வேண்டியதில்லை. ஆனால் முப்பது வருஷமாக ‘யளனக’ அடித்துக் குடும்பத்தை நடத்தியவரிடம் போய் விரலை மாற்று என்று சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. என்எச்எம் ரைட்டர் போன்றவற்றில் பழைய தட்டச்சு முறையும் பாமினி முறையும் இருக்கின்றன. விரல் பழைய வரிசையில் ஓடும், கோப்பில் ஒருங்குறி விழும். கொம்பை முதலில் அடித்தாலும் அது க-வுக்குப் பின்னால் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

கடைசித் தடை அச்சகத்தில். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது; ஒருங்குறித் தமிழ் அதற்குப் புரியாது. இன்னும் பல அச்சகங்கள் அதிலேயே பக்கம் கட்டுவதால், ‘பாமினியிலே குடுங்க பாய்’ என்றுதான் கேட்பார்கள். கொடுக்கலாம்; மாற்றிகள் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஆனால் உங்கள் மூலக் கோப்பு ஒருங்குறியிலேயே இருக்கட்டும். அச்சகத்துக்கு மாற்றிக் கொடுத்த பிரதியில் மாமா பெயருக்கு முன்னால் ‘ஹாஜி’ விட்டுப்போனது தெரியவந்தால், திருத்தத்தை மூலத்தில் செய்து மறுபடி மாற்றிக் கொடுங்கள். அச்சகத்துப் பிரதியில் மட்டும் திருத்தினால் அடுத்த கல்யாணத்திலும் ஹாஜி விட்டுப்போவார். வெளிநாட்டுக்கு அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எழுத்துரு தொல்லை இல்லை. அங்கிருப்பவரும் திருத்த வேண்டுமென்றால் வேர்ட் கோப்பையே அனுப்பலாம்; சேமிக்கும் முன் ஆப்ஷன்ஸில் ‘சேவ்’ பகுதிக்குப் போய் எழுத்துருக்களைக் கோப்புக்குள் பதிக்கச் சொல்லும் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட வேண்டும்.